ஆயாவின் தாயார் பெயர் என்ன?

பெருங்குடியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் புதிதாக வீடு வாங்கி, அதன் மந்திரிப்புக்கு நம்மையும் அழைத்திருந்தனர். ஒரு காலத்தில் வயலும் சதுப்பு நிலமும் சூழ்ந்த சிற்றூராக இருந்த பெருங்குடி, இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் கண்ணாடி மாளிகைகள் நிமிர்ந்து நிற்கும் இடமாகிவிட்டது. பங்குத் தந்தை அறைதோறும் தீர்த்தம் தெளித்து முடித்த பின்னர், வந்திருந்தோர் அனைவரும் கூடத்துச் சுவரின் முன் வந்து நின்றனர். திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட பெரிய தாள் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அவ்வீட்டின் தலைமகன் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் இளைஞர். மூன்று மாத காலம் மாமன், சித்தப்பன் வீடுகளுக்கெல்லாம் அலைந்து அவர் உருவாக்கிய குடும்ப மரம் அது. வேரில் ஒரு முடியப்பன். அவர் மகன் சவரிமுத்து. அவருக்கு மக்கள் மூவர். இப்படிக் கிளை கிளையாக ஐந்து தலைமுறைகள். வந்தவர்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தனர்.

நாற்காலியில் அமர்ந்திருந்த ஆயாவுக்கு வயது எண்பத்தாறு. எழுத்துப் புலப்படாமையால் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர், இறுதியில், "எங்கம்மா எங்கேப்பா?" என்றார்.

இளைஞர் திகைத்தார். தாத்தாவின் பெயருக்கு எதிரே "மனைவி" என்று குறித்து ஆயாவின் பெயரை எழுதியிருந்தார். ஆயா யாருடைய மகள் என்பதற்கு அந்த மரத்தில் கிளை இல்லை. "உங்கம்மா பேரு என்ன ஆயா? இப்பவே சேர்த்துடறேன்" என்றார்.

"பொன்னம்மா."

"அவங்க அம்மா பேரு?"

ஆயா நெடுநேரம் யோசித்தார். "பெரியாயான்னுதான் கூப்பிடுவோம். அவங்க பேரை யாரு சொன்னா?" என்றார்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தச் சொல் நம் செவியில் ஒலித்துக்கொண்டே வந்தது. வாசக அன்பர்களே, மனிதர் ஒவ்வொருவருக்கும் பாட்டியர் இருவர், கொள்ளுப்பாட்டியர் நால்வர். அந்த நால்வரின் பெயரையும் தடையின்றிச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? நாமே எழுதுகோலை எடுத்து முயன்று பார்த்தோம். இரண்டு பெயருக்கு மேல் எழுத முடியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பெருங்குடி என்னும் சொல்லுக்கே உயர்ந்த குலம், பெரிய குடும்பம் என்று பொருள். குடி என்றால் வீடு, குடும்பம், வழிமரபு என எல்லாம் ஆகும். பேரன், பேர்த்தி என்னும் சொற்களும் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபுகளே. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கி வருவோர் என்பது அவற்றின் பொருள். சொல்லளவில் பெண்ணுக்கும் இடம் தந்த மரபுதான் இது. ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. தமிழருக்கு மேனாட்டாரைப் போல் குடும்பப் பெயர் இல்லை; தகப்பன் பெயரின் முதலெழுத்தே நம் பெயருக்கு முன் நிற்கிறது. பெண்ணுக்கோ அந்த ஓர் எழுத்தும் நிலையில்லை. திருமணத்தன்று தகப்பன் எழுத்து நீங்கிக் கணவன் எழுத்து வந்து சேருகிறது. பிறந்த வீட்டுப் பட்டியலிலிருந்து "கட்டிக்கொடுத்தாயிற்று" என்று நீக்கப்படுகிறாள். புகுந்த வீட்டுப் பட்டியலில் "மனைவி" என்று ஒட்டப்படுகிறாள். நம்மில் பலர் கையில் உள்ள வம்சாவளி ஏடுகள் அனைத்தும் இவ்வாறே அமைந்தவை. எழுதியவர் மீது பிழை சொல்வதற்கில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் எழுதினர்.

புனித மத்தேயு தம் நற்செய்தியைத் தலைமுறை அட்டவணையோடுதான் தொடங்குகிறார். திருவருகைக் காலத்தில் அது வாசிக்கப்படும்போது நம்மில் சிலர் கொட்டாவி விடுவதும் உண்டு. ஆபிரகாம் முதல் சூசையப்பர் வரை ஆடவர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அந்த வரிசைக்கு நடுவே தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவியாயிருந்தவள் என நான்கு பெண்களைச் சுவிசேஷகர் நிறுத்துகிறார், இறுதியில் மரியன்னை. அந்நால்வரும் குலப்பெருமை பேசுவதற்கு ஏற்றவர் அல்லர். புறவினத்தார், பழிச்சொல்லுக்கு ஆளானோர், கணவனை இழந்தோர் அவர்களுள் உண்டு. வம்சத்துக்கு மெருகு தீட்ட விரும்பிய ஒருவர் முதலில் நீக்கியிருக்கக்கூடிய பெயர்களை அவர் எழுதிவைத்தார். நான்காமவளைப் பெயர் சொல்லாமல் கணவன் பெயரால் குறித்தார் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அங்கும் ஒரு பெயர் விடுபட்டுத்தான் இருக்கிறது!

இனி நம் ஆலயங்களுக்கு வருவோம். கத்தோலிக்கக் குடும்பத்தாருக்குப் பிறருக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. அது பங்கு அலுவலகத்து அலமாரியில் உறங்குகிறது. 1563ஆம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருக்கள் திருமணங்களை ஏட்டில் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டது. ஞானப்பெற்றோரின் பெயர்களையும் குறித்துவைக்கச் சொன்னது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், அடக்கம், குடும்பக் கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகளை வகுத்தது. பிறப்பு இறப்புகளை அரசு பதிந்துவரும் வழக்கம் நம் மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றத் தொடங்கியது. அதற்கான சென்னைச் சட்டம் 1899ஆம் ஆண்டினது. அதற்கு முன் வாழ்ந்த ஓர் ஏழை உழவனின் மகளுக்கு, அவள் இந்த மண்ணில் பிறந்தாள் என்பதற்கு, பங்கு ஏட்டின் அந்த ஒற்றை வரியைத் தவிர வேறு சான்று இருப்பது அரிது.

அந்த வரியில் என்ன இருக்கும்? குழந்தையின் பெயர், நாள், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவானவரின் கையொப்பம். தாயின் பெயர் அங்கே அவளுக்குரிய பெயராகவே நிற்கிறது என்பதைப் பாருங்கள்! வீட்டில் "ஏ புள்ளே" என்று அழைக்கப்பட்டவளும், ஊரில் "இன்னார் பெண்சாதி" என்று சுட்டப்பட்டவளும், ஏட்டில் ஞானஸ்நானப் பெயரோடு இருக்கிறாள். இதைச் செய்த பழைய குருக்கள் பெண்ணுரிமை பேசியவர்கள் அல்லர். சட்டம் கேட்டதைச் செய்தார்கள். எனினும் நமக்கு வாய்த்த நன்மை பெரிது.

திருமண ஏடு இதனினும் சுவையானது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம் மக்களின் வழக்கம். திருச்சபைச் சட்டமோ நெருங்கிய இரத்த உறவைத் திருமணத் தடையாகக் கொண்டது. எனவே ஓலை வாசிப்பதற்கு முன்னர், மேற்றிராணியாரிடம் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தோடு மணமக்கள் இருவரும் எந்தப் பாட்டன் பாட்டியில் ஒன்று சேருகிறார்கள் என்பதை வரைபடமாகக் காட்ட வேண்டும். உறவு தாய்வழியாகவும் வருமாதலால், அவ்வரைபடத்தில் பெண்களை விட்டுவிட முடியாது. மாமன் மகள் மீது ஒருவர் கொண்ட ஆசை, அவருடைய பாட்டியின் பெயரை நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது என்றால் மிகையாகாது.

ஏட்டைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். பழைய பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். இராயப்பன் அங்கே பேத்ருஸ் ஆவார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ். பொன்னம்மாள், செல்லம்மாள் என்னும் செல்லப் பெயர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். கோயிலில் அவர்கள் மரியாவும் அன்னாவும் ஆவார்கள். ஆகவே ஒரே ஆண்டில் ஒரே ஊரில் பத்து மரியாக்களைக் கண்டு மலைக்கக்கூடாது. கணவன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். பெயரே காலத்தைக் காட்டிக் கொடுப்பதும் உண்டு. லூர்து என்ற பெயர் கொண்ட ஒருத்தி 1858ஆம் ஆண்டுக் காட்சிகளுக்கு முன் அப்பெயர் பெற்றிருக்க முடியாது அல்லவா? சென்னை நகர்வாழ் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மயிலை மேற்றிராசனம் போர்த்துக்கல் அரசின் ஆதரவிலும், சென்னை மேற்றிராசனம் உரோமையின் நேர் ஆளுகையிலுமாக, 1952ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாகும் வரையில் இந்நகரில் இரட்டை ஆட்சி நிலவியது. ஒரே குடும்பத்தின் அண்ணன் பதிவு ஒரு கோயிலிலும் தங்கை பதிவு வேறு கோயிலிலும் இருக்கக்கூடும். தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுகளின் கொடுமையில் ஊர்விட்டு ஊர் போனவர்களின் சுவடு ஏட்டில் திடீரென்று அற்றுப்போவதும் உண்டு.

பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவள் என்ன நினைத்தாள், எதற்கு அஞ்சினாள், எதைக் கண்டு சிரித்தாள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதற்கு யாராவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் சென்னையில் ஒரு குடும்பத்துப் பெண்கள் அப்படி எழுதினார்கள். சகோதர சபையாகிய ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த சத்தியநாதன் குடும்பத்தார் அவர்கள். அக்குடும்பத்தைப் பற்றிய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்போருக்கு, மாமியார், மருமகள், பேர்த்தி என மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசுவது போன்ற உணர்வு உண்டாகும்.

மூத்தவர் அன்னாள் சத்தியநாதன். திருநெல்வேலிச் சீமையில் 1830ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் என்பாரின் மகள். கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதன் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராகப் பொறுப்பேற்றபோது அவருடன் சென்னைக்கு வந்தார். பெண்பிள்ளைகள் தெருவில் நடந்து பள்ளிக்குப் போவதே வியப்பாக இருந்த நாளில், அவர்களுக்கெனப் பள்ளிகள் தொடங்கினார். வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்கு அவர்கள் வீடுதேடிச் சென்று எழுத்தறிவித்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி "நல்ல தாய்" என்றொரு நூலும் தமிழில் எழுதினார். 1890ஆம் ஆண்டில் காலமானார்.

அவருடைய மருமகள் கிருபாபாய். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 1862ஆம் ஆண்டில் அகமத்நகரில் பிறந்தவர். பெற்றோர் அரிபந்தும் ராதாபாயும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த பெரிய குடும்பம். அறிவுக்கண் திறந்துவைத்த மூத்த தமையன் பாஸ்கரும் இளமையில் இறந்தார். மருத்துவம் கற்க வேண்டும் என்பது கிருபாபாயின் வேட்கை. இங்கிலாந்து செல்ல வாய்ப்பு வந்தபோது உடல்நிலை இடம்தரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குக் கதவு திறந்திருந்தது. 1878ஆம் ஆண்டில் இவர் அங்கே சேர்ந்தார். தங்கியிருந்தது சத்தியநாதன் இல்லத்தில். முதலாண்டிலேயே சிறந்து விளங்கியும், உடல்நலம் கெட்டதால் படிப்பைத் தொடர இயலவில்லை. பின்னர் அவ்வீட்டு மகன் சாமுவேலை மணந்தார். உதகமண்டலத்தில் கணவர் ஆசிரியப் பணி புரிந்தபோது, முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளி தொடங்கினார். ஒரே குழந்தை பிறந்தது. ஓராண்டு நிறையுமுன் இறந்தது.

இந்தத் துயரங்களுக்கிடையில்தான் எழுதத் தொடங்கினார். "சகுணா" என்னும் அவருடைய ஆங்கில நூல், 1887-88ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் பலர் அதனைக் குறிப்பிடுவர். நமக்கு அது வேறொரு காரணத்தால் அருமையானது. அது ஒரு குடும்ப வரலாறு. தன் கதையைச் சொல்லவந்தவர், தன் தாயின் கதையிலிருந்து தொடங்குகிறார். சிறுமியாயிருக்கையில் மணமுடிக்கப்பட்டு மாமியார் வீடு புகுந்த தாய். கணவர் மதம் மாறியபோது உடனே இசைந்துவிடாமல், உற்றாரையும் பழகிய வழிபாட்டையும் இழக்கும் அச்சத்தில் தனிமையில் தவித்த தாய். மனமாற்றத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் சரித்திரங்களில் கணவன் ஒளியைக் கண்டான், மனைவி பின்தொடர்ந்தாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெண் எத்தனை இரவுகள் அழுதாள் என்பதை எழுதியவர் மகள்தான். மேனாட்டு மிஷனெரிகளுள் சிலர் இந்தியக் கிறிஸ்தவர்களைத் தாழ்வாக நடத்தியதையும் அவர் மூடிமறைக்கவில்லை. குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் அவரிடம் கற்க வேண்டியது இந்த நேர்மையை.

இரண்டாம் நூலாகிய "கமலா" ஓர் இந்துப் பெண்ணின் கதை. நோயோடு போராடிக்கொண்டே அதனை எழுதி முடித்தார். 1894ஆம் ஆண்டில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். கிரிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய வாழ்க்கைக் குறிப்போடு அந்நூல் வெளிவந்தது. "சகுணா" மறு ஆண்டு நூலுருப் பெற்றது. 1896ஆம் ஆண்டிலேயே இரண்டும் தமிழில் பெயர்க்கப்பட்டன என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். நூறாண்டுகளுக்குப் பின் 1998இல், சாந்தனி லொக்குகே என்பாரின் பதிப்புரையோடு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அவ்விரண்டையும் மீண்டும் வெளியிட்டது.

குடும்ப மரத்தில் கிருபாபாயை வரைந்து பாருங்கள். அவருக்குக் கீழே கிளை இல்லை. பெருங்குடி இளைஞர் செய்ததைப் போல் மகன், மகன் மகன் என்று கோடிழுத்துக்கொண்டு வந்தால், அவர் பெயர் அம்மரத்தில் ஏறவே ஏறாது. ஆனால் அக்குடும்பத்தின் நினைவை எழுதிவைத்தவர் அவரே.

சாமுவேல் பின்னர் மணந்துகொண்ட கமலா சத்தியநாதன், எம்.ஏ. பட்டம் பெற்றவர். 1901ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து "இந்தியன் லேடீஸ் மேகசின்" என்னும் மகளிர் மாத இதழைத் தொடங்கினார். வங்காளத்து ரொக்கேயா எழுதிய "சுல்தானாவின் கனவு" என்னும் புகழ்பெற்ற கதை 1905ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது அந்தச் சென்னை இதழில்தான். 1906ஆம் ஆண்டில் கணவரை இழந்த பின்னரும், இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இதழை நடத்தினார். இடையில் நின்றுபோன இதழை 1927இல் மீண்டும் தொடங்கி 1938 வரை வெளியிட்டார். அவருடைய மகள் பத்மினி சென்குப்தா, தாயின் வரலாற்றை 1956ஆம் ஆண்டில் தனி நூலாக எழுதினார். அதோடு நில்லாமல் பண்டித ரமாபாய், சரோஜினி நாயுடு, தோரு தத் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார். பாட்டி பிள்ளை வளர்ப்பை எழுதினார். மருமகள் தன் தாயை எழுதினார். பேர்த்தி தன் தாயையும் பிற தாய்மாரையும் எழுதினார். பெண் வழியாக ஒரு குடும்ப மரத்தை வரையலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் ஊரில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

இவர்கள் படித்தவர்கள், வசதி படைத்தவர்கள், நம் வீட்டுப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆயினும் எழுத்தறிந்த பெண்களின் எழுத்துகூட, வீட்டார் பாதுகாத்தால்தான் நிலைக்கும். பிரான்சு நாட்டு அலான்சோன் நகரில் பூவேலைப் பின்னல் தொழில் நடத்திய செலி மார்த்தின் என்னும் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1831ஆம் ஆண்டில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை இழந்தவர். 1877ஆம் ஆண்டில் மார்புப் புற்றுநோயால் அவர் இறந்தபோது கடைக்குட்டிக்கு நான்கு வயது. அவர் தம் சகோதரனுக்கும், விடுதியில் படித்த பெண்களுக்கும் எழுதிய கடிதங்களில் 218 இன்றும் உள்ளன. வேலைக்காரி தொல்லை, துணிக்குப் பணம் வராமை, பிள்ளையின் பிடிவாதம் முதலிய சில்லறைச் செய்திகளே அவற்றில் மிகுதி. அவற்றைக் குப்பையென்று எரித்திருந்தால், குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் தாயை உலகம் அறிந்திராது. அக்கடிதங்களின் துணையோடு பியா என்னும் பிரான்சிஸ்கன் துறவி அக்குடும்பத்தின் வரலாற்றை விரிவாக எழுதினார். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அத்தாயையும் அவர் கணவர் லூயியையும் ஒருங்கே புனிதராக உயர்த்தினார்.

நம் நாட்டிலும் கீழச்சேரிக்குப் போனால் தெரேசா ஞானம்மாவின் பெயரைக் கேட்கலாம். கணவனை இழந்த ஒரு தாய், 1863ஆம் ஆண்டில் அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தரத் தொடங்கினார். 1874ஆம் ஆண்டில் மறைந்தார். சென்னையிலும் ஆந்திரத்துப் பிரங்கிபுரத்திலும் உள்ள புனித அன்னம்மாள் கன்னியர் சபைகள் அவரையே தங்கள் தாயாகப் போற்றுகின்றன. கைம்பெண் என்றால் மூலையில் உட்கார வேண்டியவள் என்று ஊர் எண்ணியிருந்த காலம் அது. பெண்கல்வியை வலியுறுத்தி 1869ஆம் ஆண்டில் "பெண்மதி மாலை" வெளியிட்ட நம் வேதநாயகம் பிள்ளை, பத்தாண்டுகளுக்குப் பின் தம் நாவலில் ஞானாம்பாளை ஆண்வேடத்தில் அரியணை ஏற்றினார். மெய்யான ஞானம்மாவுக்கு வேடம் தேவைப்படவில்லை.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குடும்ப வரலாறு தேடுவதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய ஏடுகள் சிலவற்றில் சாதியும் குறிக்கப்பட்டிருக்கும். எங்கள் பாட்டன் இன்ன குலத்தான், இன்னாருக்கு மேலானவன் என்று நிலைநாட்டுவதற்காகவே ஏடு புரட்டுவோர் இருக்கிறார்கள். அத்தகையோருக்கு உதவுவது நம் நோக்கமன்று. முடிவில்லாத தலைமுறை ஆராய்ச்சிகளைப் பற்றிப் புனித சின்னப்பர் திமொத்தேயுவை எச்சரித்ததும் இது கருதியே போலும். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி வைக்கிறோமே, அந்தக் கல்லறைகளுக்குள் கிடப்பவர்களில் யாருக்குப் பெயர்ப்பலகை இல்லையோ அவர்களைத் தேடுவதுதான் தேடல். ஏடு பார்க்க விரும்புவோர் பங்குத் தந்தையிடம் முறைப்படி அனுமதி பெற்று, அவர் குறித்த நேரத்தில் செல்வது கடமை. எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டாதிருப்பதும் கடமையே! நூற்றாண்டு கண்ட தாள்கள் சருகு போல் நொறுங்கக்கூடியவை. அண்மைக் காலப் பதிவுகள் வாழ்வோரைப் பற்றியவை. அவற்றைப் பிறர் பார்க்க உரிமை இல்லை. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடுவோருக்கு, பெருங்குடியை அடுத்த தரமணியிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் உள்ளன.

ஆனால் எல்லா ஏடுகளுக்கும் முந்திய ஏடு வீட்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. அதை முதலில் புரட்டுங்கள். பெயரைக் கேட்டால் மறந்துவிட்டது என்பார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன சமைத்தார்கள், எந்தத் திருநாளுக்கு எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டினார்கள் என்று கேளுங்கள். அந்த வழியாகப் பெயர் தானே வந்து நிற்பதும் உண்டு.

பெருங்குடி இளைஞர் அப்படித்தான் கேட்டார். ஆயா தம் தாய் பிறந்த ஊரைச் சொன்னார். அவ்வூர் சேர்ந்திருந்த பழைய பங்குக்கு இளைஞர் எழுதிக் கேட்டு, இரண்டு சனிக்கிழமைகள் சென்று வந்தார். பொன்னம்மா என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டாம் சனிக்கிழமை, 1912ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றின் ஓரத்தில் வேறு மையில் எழுதிய சிறு குறிப்பு கண்ணில் பட்டது. 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் நடந்ததும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. அந்த ஓரக்குறிப்பில் இருந்தது ஆயாவின் தகப்பனார் பெயர். எதிரே, குழந்தையின் பெயர் பிலோமினா.

செய்தியைக் கேட்டு ஆயா வெகுநேரம் சிரித்தாராம். "பிலோமினாவா! அவங்களுக்கே தெரியாதே!"

பிலோமினாவின் தகப்பன் பெயர் தெளிவாக இருந்தது. ஞானத்தாயின் பெயரும் தெளிவாக இருந்தது. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைச் செல் அரித்துவிட்டது. இலத்தீனில் பெண்பெயர்களெல்லாம் முடிவது போல முடியும் ஈற்றெழுத்து ஒன்று மட்டும் துளையின் விளிம்பில் நின்றது. மரியாவோ, அன்னாவோ, தெரேசாவோ. 1890ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் அவ்வீட்டுக்கு மீண்டும் போயிருந்தோம். சுவரில் பழைய தாளுக்குப் பதில் புதிய தாள். பெண்கள் அனைவருக்கும் தனித்தனிக் கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் மேலே அவரவர் தாய் தந்தையர். ஆயாவுக்கு மேல் பொன்னம்மா என்னும் பிலோமினா. அதற்கு மேல் ஒரு கட்டத்தில் "ஆ" என்று ஓர் எழுத்து மட்டும். பார்ப்பதற்கு நன்றாக இல்லை, எடுத்துவிடலாமா என்று பேரன் கேட்டதற்கு, ஆயா கூடாது என்று சொல்லிவிட்டாராம்.